எல்லாரும் விற்பது ஒரே சிங்கம்

சஃபாரி நிறுவனங்களின் இணையதளங்களை நாலைந்து மாலை உட்கார்ந்து பார்த்தால் ஒரு சலிப்பு வரும். அதே சிவந்த அந்தி, அதே குடைபோல் விரிந்த ஒற்றை மரம், பாறைமேல் படுத்திருக்கும் அதே சிங்கம். படத்தை வைத்து ஒரு நிறுவனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கவே முடியாது. முடியாததில் ஆச்சரியமும் இல்லை. தான்சானியாவின் செரெங்கெட்டிப் பூங்காவுக்கு வாயில் எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த நிறுவனத்தின் வண்டி வந்து நிற்கிறது என்று சிங்கம் பார்ப்பதில்லை.

அப்படியானால் இவர்கள் எதைத்தான் விற்கிறார்கள்? ஒரு வண்டி, அதை ஓட்டி வழிகாட்டும் ஒரு மனிதர், இரவு படுக்க இடம். இந்த மூன்றையும் எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த வரிசையில் கோக்கிறார்கள் என்ற திட்டம். தனியாகப் போகிற புகைப்படக்காரருக்குத் திட்டம் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு அதுதான் எல்லாம்.

எங்கள் கூட்டம் ஐந்து பேர். நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், அப்புறம் முழங்கால் வலியை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத என் மாமியார். ஆளுக்கொரு ஆசை. மகளுக்கு கொரில்லா. மகனுக்குச் சிறுத்தை. அத்தைக்கு யானைக் கூட்டம். கணவருக்கு வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தைகள் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும். எனக்கு எல்லோரும் சண்டை போடாமல் ஊர் திரும்பினால் போதும்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் கேள்விகள் அடிபட்டுப் போகும். சின்னக் குழந்தைகள் இருந்து மலேரியா பயமும் இருந்தால் தென்னாப்பிரிக்காவில் மடிக்வே, பிலானஸ்பெர்க், கிழக்கு கேப்பில் உள்ள ஆடோ யானைப் பூங்கா போன்ற மலேரியா இல்லாத இடங்கள் இருக்கின்றன. அந்நாட்டின் க்ரூகர் தேசியப் பூங்காவில் தார்ச்சாலை உண்டு. வாடகைக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம், நிறுவனமே தேவையில்லை. ஆனால் அங்கே தனியார் காடுகளில் பக்கச்சுவர் இல்லாத திறந்த வண்டிதான் வழக்கம். அதனால் பல லாட்ஜ்கள் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வண்டியில் ஏற்றுவதில்லை. கொரில்லா விஷயத்தில் விதி இன்னும் கறார். உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் 15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதிச் சீட்டே கிடையாது. சீட்டு விலை உகாண்டாவில் ஒருவருக்கு 800 டாலர், ருவாண்டாவில் 1,500. மகளின் முகம் வாடியது. "மூணு வருஷம் கழிச்சு வரலாம்மா" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இந்த 15 வயது விதி எங்களுக்கு எதிர்பாராத ஒரு உதவி செய்தது. நிறுவனங்களுக்கு விசாரித்து அனுப்பிய கடிதத்தின் முதல் வரியிலேயே பிள்ளைகளின் வயதை எழுதியிருந்தோம். அப்படியும் ஒரு நிறுவனம், "குடும்பங்களுக்கான சிறப்புத் தொகுப்பு" என்று கொரில்லா நடையையும் சேர்த்து வண்ண வண்ணமாக ஒரு திட்டம் அனுப்பியிருந்தது. அவர்களுக்கு நாங்கள் பதிலே எழுதவில்லை.

மற்றவர்களுக்குப் போனதும் அதே கடிதம்தான். கென்யாவும் தான்சானியாவும் என்று முடிவு செய்திருந்தோம். கென்யாவின் நைரோபியில் இருக்கும் நிறுவனங்கள், தான்சானியாவின் அருஷாவில் இருக்கும் நிறுவனங்கள், ஐரோப்பாவில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவை விற்கும் பெரிய முகவர்கள் என்று கலந்து அனுப்பினோம். ஆசைப்பட்டதையெல்லாம் எழுதினோம்: கென்யாவில் ஆம்போசெலி, நக்குரு ஏரி, மசாய் மாரா; தான்சானியாவில் செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம். ஆகஸ்ட் மாதம்.

பெரும்பாலானவர்கள் சில மணி நேரத்துக்குள் பதில் போட்டார்கள். "உங்கள் கனவுப் பயணம் தயார்!" ஐந்து இடமும் இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு இரவு, அல்லது இரண்டு. விலையில்தான் வித்தியாசம். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் விலை எதுவும் சொல்லாமல் கேள்விகளாக அனுப்பியிருந்தது. உங்கள் பையனுக்கு நீண்ட கார்ப் பயணத்தில் வாந்தி வருமா? பாட்டியால் எவ்வளவு உயரப் படி ஏற முடியும்? குழந்தைகள் தனிக் கூடாரத்தில் தூங்குவார்களா, இல்லை பெற்றோரோடு ஒரே கூடாரம் வேண்டுமா? காலை ஐந்தரைக்கு எழுந்தால் மதியம் தூங்குகிற குழந்தைகளா, எரிந்து விழுகிற குழந்தைகளா? கடைசியில் ஒரு வரி: நக்குருவை விடுங்கள், முடிந்தால் இரண்டு நாட்டில் ஒன்றையும் விடுங்கள்.

கணவருக்கு அது பிடிக்கவில்லை. "வியாபாரத்துக்கு வந்தவன் வேண்டாம்னு சொல்றான்" என்றார். எனக்கோ அந்த ஒரு வரியில்தான் நம்பிக்கை பிறந்தது. ஐந்து இடமும் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு ஐந்தையும் விற்பதுதான் சுலபம், லாபமும் கூட. வெட்டச் சொல்கிறவர் அந்தச் சாலைகளில் போய் வந்தவராக இருக்க வேண்டும்.

காரணத்தையும் விளக்கி எழுதியிருந்தார்கள். வரைபடத்தில் மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே புல்வெளி, நடுவில் ஒரு கோடு. மந்தைகள் அந்தக் கோட்டைக் கேட்காமல் கடக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் கடக்க முடியாது. 1977இல் மூடப்பட்ட அந்த எல்லை வழி இன்றும் அவர்களுக்குத் திறக்கவில்லை. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வந்து நமங்கா சாவடி வழியாக. எல்லையில் கென்யா வண்டியை விட்டு இறங்கி, மூட்டைகளோடு நடந்து, தான்சானியா வண்டியில் ஏற வேண்டும். அதாவது இரண்டாவது ஓட்டுநர், இரண்டாவது முறை அறிமுகம், ஒரு முழு நாள் காலி. இதைச் செய்துவிட்டு "இரண்டு நாடு பார்த்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஏழு வயதுப் பையன் அதைப் பின் சீட்டில் புழுதியோடு அனுபவிப்பான். ஆற்றைக் கடப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மாரா ஆறு தான்சானியாவுக்குள்ளும் ஓடுகிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கு செரெங்கெட்டியில் கொகடெண்டே பக்கம் மந்தைகள் இருக்கும் என்றார்கள். கடைசியில் கென்யாவை விட்டுவிட்டு, தான்சானியா மட்டும் என்று அவர்களிடமே வாங்கினோம்.

இதற்குப் பிறகு விலைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் முதலில் போய் விழுகிறார்கள். மொத்தத் தொகை ஒன்றை மட்டும் அனுப்புகிற கோட்டேஷனை ஒப்பிடவே முடியாது. பூங்காக் கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் எவ்வளவு, வண்டியும் கைடும் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பூங்காக் கட்டணத்தில் எந்த நிறுவனமும் தள்ளுபடி தர முடியாது, அது அரசுடையது. அதனால் அது உங்கள் கையில் இருக்கும் அளவுகோல்.

நாங்கள் பார்த்த கணக்கு இது. மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. 9 முதல் 17 வயதுக்காரருக்கு 50. எட்டு வயதுவரை இலவசம். எங்கள் குடும்பத்துக்கு ஆகஸ்டில் ஒரு நாளைக்கு மூன்று பெரியவர்களும் மகளும் சேர்ந்து 650 டாலர். வண்டி, படுக்கை, சாப்பாடு எதுவும் இன்னும் சேரவில்லை. செரெங்கெட்டியில் பெரியவருக்கு 70 டாலரும் அதன்மேல் 18 சதவீத வாட் வரியும், ஆக 82.60, 5 முதல் 15 வயதுக்கு வரியோடு 23.60. எங்களுக்கு மொத்தம் 295. பூங்காவுக்குள் தங்கும் இரவுக்குத் தனிக் கட்டணம் வேறு உண்டு. ங்கோரோங்கோரோவில் பள்ளத்துக்குள் இறங்க, தலைக்கு வாங்கும் நுழைவுக் கட்டணம் போக, வண்டிக்கு 250 டாலர், வரியோடு 295. வண்டியில் இருவர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் அதே தொகை. கட்டணங்கள் அடிக்கடி ஏறுகின்றன, நீங்கள் போகிற ஆண்டுக்கானதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு எங்களுக்கு வந்திருந்த மலிவான திட்டம் ஒன்றைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. "மசாய் மாரா மூன்று நாள்" என்று இருந்தது. படுக்கை வாயிலுக்கு வெளியே. முதல் நாள் மாலை வந்து சேர்வது, மூன்றாம் நாள் காலை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. காட்டுக்குள் இருப்பது நடுவில் ஒரே ஒரு நாள். பொய் என்று சொல்ல முடியாது; வாயிலுக்கு வெளியே இருப்பதும் மாராதானே.

மணிக்கணக்கையும் கேட்க வேண்டும். தான்சானியாவில் அனுமதிச் சீட்டு 24 மணி நேரத்துக்கு. காலை பதினொன்றுக்கு நுழைந்தால் மறுநாள் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். மாராவில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வாயிலுக்குள் போகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருகிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல நிறுவனம் அந்தச் சீட்டின் கடைசி மணி நேரம்வரை உங்களை உள்ளே வைத்திருக்கும்படி திட்டம் போடும். சோம்பேறி நிறுவனம் "காலை உணவுக்குப் பின் நிதானமாகக் கிளம்பலாம்" என்று எழுதும். காட்டில் காலை உணவுக்குப் பின் என்றால் சிங்கம் தூங்கப் போயிருக்கும்.

வண்டியைப் பற்றி எங்களுக்குள் விவாதமே இல்லை. மற்ற பயணிகளோடு பகிரும் வண்டி மலிவு என்பது உண்மை. ஆனால் பையனுக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கும்போது முன்பின் தெரியாத நால்வர் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயுளுக்கு ஒருமுறை வருகிறவர்கள், நம் பிள்ளையின் சிணுங்கலைக் கேட்கவா வந்தார்கள்? தனி வண்டி என்று முடிவானதும் கேட்க வேண்டியது: கூரை திறக்கும் லேண்ட் குரூசரா, அல்லது தாழ்வான மினிவேனா? ஆளுக்கொரு ஜன்னல் உண்டா? இரண்டு உபரிச் சக்கரம், குளிர்பெட்டி, செல்போன் சார்ஜ் செய்ய வழி, மற்ற வண்டிகளோடு பேச ரேடியோ உண்டா? வண்டி நிறுவனத்துடையதா, அன்றைக்கு வாடகைக்கு எடுப்பதா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வாடகைக்குத்தான்.

ஐரோப்பிய முகவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களிடம் வாங்கினாலும் உங்களை ஏற்றிச் செல்வது அருஷாவிலோ நைரோபியிலோ இருக்கிற ஒரு உள்ளூர் நிறுவனம்தான். நடுவில் ஒரு கமிஷன் போகிறது. அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனில் விமானமும் சேர்ந்த தொகுப்பை வாங்குகிறவர்களுக்கு ஏட்டால் என்ற பாதுகாப்பு இருக்கிறது. விற்ற நிறுவனம் திவாலானால் பணம் திரும்பும். அந்த நிம்மதிக்கு விலை கொடுக்கலாம். எந்த உள்ளூர் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறீர்கள் என்று மட்டும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரடியாக வாங்குவதானால் உரிமத்தைப் பார்க்க வேண்டும். கென்யாவில் 1978இல் தொடங்கிய கேட்டோ, தான்சானியாவில் 1983இல் தொடங்கிய டாட்டோ என்று சுற்றுலா நடத்துநர் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடுவது ஐந்து நிமிட வேலை. தான்சானியாவில் அரசின் சுற்றுலா உரிமம் கட்டாயம்; டாலா என்ற பழைய பெயரிலேயே பலர் அதைச் சொல்வார்கள். நகலைக் கேட்டால் நேர்மையானவர்கள் அன்றே அனுப்புவார்கள். பணம் போகும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனி ஆள் பெயரில் அல்ல. இவற்றைப் பற்றி இதற்குமேல் நீட்ட ஒன்றுமில்லை.

பயணிகள் எழுதும் விமர்சனங்களை நான் படிக்கும் முறை வேறு. "சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற ஐந்து பெரு விலங்குகளையும் ஒரே நாளில் பார்த்தோம், அற்புதமான நிறுவனம்" என்பதையெல்லாம் தள்ளிவிடுவேன். விலங்கு வந்ததற்கு நிறுவனத்துக்கு என்ன புண்ணியம்? வண்டி பழுதானபோது என்ன செய்தார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது யார் போனை எடுத்தார்கள், இதைச் சொல்லும் மூன்று நட்சத்திர விமர்சனம் ஒன்று இருந்தால் அது பத்து ஐந்து நட்சத்திரங்களுக்குச் சமம். அதில் ஒரு கைடின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் போய் நிற்கிறது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஒரே இரும்புப் பெட்டிக்குள் உங்களோடு இருக்கப்போகிறவர் அவர். கென்யாவில் தொழில்முறை வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிநிலை தருகிறது. தங்கம் வாங்கியவர்கள் மிகச் சிலர். தென்னாப்பிரிக்காவில் ஃபகாசா என்ற அமைப்பின் தகுதிச் சான்று உண்டு. சான்று பறவையின் பெயர் தெரியும் என்பதற்கு உத்தரவாதம். குழந்தையோடு பழகத் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் நாங்கள் கேட்டது: எங்களுக்கு வரப்போகிறவர் உங்கள் நிரந்தர ஊழியரா, கடைசியாக எப்போது குழந்தைகள் இருக்கும் குடும்பத்தைக் கூட்டிப் போனார், அவர் பெயரை முன்கூட்டியே சொல்வீர்களா? கேள்விகள் கேட்ட அந்த நிறுவனம் பெயரைச் சொன்னது. அவரோடு பத்து நிமிடம் வீடியோவில் பேசவும் வைத்தது.

அருஷாவில் முதல் நாள் காலை அவர் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் இறக்கியது ஒரு சின்ன மர முக்காலி. அத்தை ஏறும் பக்கக் கதவடியில் கொண்டுபோய் வைத்தார். லேண்ட் குரூசரின் படி உயரம். முழங்கால் மடங்காதவர்களுக்கு அது ஒரு மலை. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ சொன்னியா?" என்று கேட்டார். "இல்ல அத்தை, ஆபீஸ்ல கேட்டாங்க, எழுதினேன்" என்றேன். யார் வேண்டுமானாலும் அக்கறையாகக் கேள்வி கேட்டுவிடலாம். அந்தப் பதில் அலுவலக மேசையிலிருந்து ஓட்டுநர் கைவரை போய்ச் சேர்ந்திருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

டாரங்கிரே பூங்காவில் அத்தைக்கு வேண்டிய யானைகள் கிடைத்தன, பெருத்த பாவோபாப் மரங்களுக்கிடையே, ஒரு மணி நேரம் அசையாமல் பார்க்கும்படி. அங்கே ட்செட்சே ஈ கடிக்கும். அடர்நீலமும் கறுப்பும் அதை இழுக்கும், அந்த நிறத் துணிகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று நிறுவனம் எழுதியிருந்தது. ங்கோரோங்கோரோவின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம், ஆகஸ்டில் விடியற்காலை நடுங்கவைக்கும், சின்னவனுக்குக் கம்பளிக் குல்லா எடுத்துவாருங்கள் என்பதும் அந்தக் கடிதத்தில்தான் இருந்தது.

செரெங்கெட்டியில் ஒரு மதியம். ரேடியோவில் சுவாஹிலியில் படபடவென்று பேச்சு, எங்கோ சிறுத்தை. சுற்றியிருந்த வண்டிகள் புழுதி கிளப்பிப் பறந்தன. எங்கள் பையனோ சாலையில் சாணி உருட்டிக்கொண்டிருந்த வண்டு ஒன்றில் மயங்கியிருந்தான். கைடு வண்டியை அணைத்துவிட்டார். அது ஏன் பின்னங்காலால் உருட்டுகிறது, அதை எங்கே புதைக்கும், உள்ளே முட்டை எப்படி வைக்கும் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். சிறுத்தையை மறுநாள் பார்த்தோம், கிளையில் வால் தொங்க. ஊருக்கு வந்ததும் பையன் எல்லோரிடமும் சொன்னது வண்டுக் கதைதான்.

மாரா ஆற்றில் எங்களுக்கு அதிர்ஷ்டம் கூடவில்லை. மந்தை கரைக்கு வந்தது, குடித்தது, நின்றது, எதற்கோ மிரண்டு திரும்பிப் போனது. பல மணி நேரம் காத்திருந்தோம். நிறுவனம் முன்பே எழுதியிருந்தது: ஆற்றைக் கடப்பதை யாரும் உறுதி தர முடியாது, ஒரு நாள் காத்திருந்து பார்க்கலாம், குழந்தைகள் சலித்தால் முகாமுக்குத் திரும்பிவிடலாம், அதற்காகத்தான் தனி வண்டி. வேறொரு நிறுவனத்தின் இணையதளத்தில் "ஆறு கடக்கும் காட்சி நிச்சயம்" என்று இருந்ததைக் கணவர் நினைவுபடுத்தினார். வில்டபீஸ்ட்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்களோ என்னவோ.

அங்கிருந்து மீண்டும் சாலையில் திரும்பாமல் சின்ன விமானத்தில் அருஷா வந்தோம். அதுவும் அவர்கள் யோசனைதான். ஒரு வழி சாலை, ஒரு வழி விமானம். ஆளுக்கு 15 கிலோ, அதுவும் வளையக்கூடிய மெத்தென்ற பையில். சக்கரப் பெட்டி ஏறாது. பாலித்தீன் பைகளை 2019 முதல் தான்சானியா தடை செய்திருக்கிறது, விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்; அழுக்குத் துணிக்குத் துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல்நல விஷயங்களில் நிறுவனத்தின் பேச்சை மருத்துவரின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்கள் தாமாகவே என்ன நினைவூட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும். இரண்டு நாட்டுத் திட்டம் அனுப்பியவர்களில் பலர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அவசரத்துக்கு விமானத்தில் தூக்கிப்போக ஏற்பாடு உண்டா என்பதையும் கேளுங்கள். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் அந்தப் பகுதி முழுக்கப் போகிறார்கள். சில நிறுவனங்கள் அதற்கான சந்தாவை விலையிலேயே சேர்த்துவிடுகின்றன.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டு நண்பர்கள் செய்தி அனுப்புகிறார்கள். சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்த கைடு இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அவர் இல்லாத நிறுவனத்தை நான் எந்தத் தைரியத்தில் சிபாரிசு செய்வது? கேட்கிறவர்களுக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்தை அப்படியே அனுப்பிவைக்கிறேன். வயதுகளையும் முழங்காலையும் மாற்றிக்கொண்டு நாலு பேருக்குப் போடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால் முந்தைய ஆண்டே போட்டுவிடுங்கள்; வடக்கு செரெங்கெட்டியில் நான்கைந்து பேர் சேர்ந்து படுக்கும் குடும்பக் கூடாரங்கள் கொஞ்சம்தான், அவை சீக்கிரம் போய்விடும்.